தோள் ஒரு கேஸு, முழங்கை வேற கேஸு: மாவுக்கடை அக்காவுக்கு ஒரு பதில்

முதல்ல அக்கா எழுதுன லெட்டர சுருக்கமா சொல்லிடறேன், அப்பத்தான் மத்தவங்களுக்கும் புரியும்.

"வயசு 49. திண்டுக்கல் பக்கம். வீட்டுலயே இட்லி மாவு அரைச்சு பாக்கெட் போட்டு கடைகளுக்குக் குடுக்கறேன், ஒரு நாளைக்கு 20 கிலோ அரிசி வரைக்கும் ஓடும். சுகர் ஆறு வருஷமா இருக்கு, மாத்திரை மட்டும்தான், கடைசியா பாத்த மூணு மாச சராசரி (HbA1c டெஸ்ட்) 8.9. அஞ்சு மாசமா இடது தோள்ல வலி. முதல்ல லேசா இருந்துச்சு, இப்ப ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிட்டா எந்திரிச்சு உக்காந்துடறேன். ஜாக்கெட் ஹூக் போட கை பின்னாடி போகல, கொண்டை போட முடியல, மகதான் போட்டு விடுறா. ரெண்டு மாசமா வலது முழங்கையிலயும் வலி, வெளிப்பக்கமா, தோசைக்கல்லத் தூக்குனா கைய விட்டு நழுவுது. தோளுக்கு எம்ஆர்ஐ எடுத்தோம், தசைநார் பாதி கிழிஞ்சிருக்குன்னு வந்துச்சு. ஒரு டாக்டர் ஓட்டை போட்டு ஆபரேஷன் பண்ணலாம்ங்கறாரு, இன்னொருத்தர் ரெண்டு எடத்துலயும் ஊசி போட்டுடலாம்ங்கறாரு, மாமியா வாயுன்னு சொல்லி பூண்டு குடுக்கறாங்க, கொழுந்தன் நாட்டுக்கட்டு போடலாம்ங்கறாரு. தை மாசம் மகளுக்குக் கல்யாணம், இன்னும் ஏழு மாசம்தான் இருக்கு, அதுக்குள்ள கை மேல போகுமா?"

அக்கா, நான் பிசியோதெரபிஸ்ட். ஊசி போடறதும் ஆபரேஷன் முடிவு பண்றதும் எலும்பு டாக்டர் வேலை, என் வேலை கைய அசைச்சுப் பாத்து எங்க மாட்டுதுன்னு கண்டுபிடிக்கறது. நேர்ல பாக்காம இதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா நீங்க எழுதியிருக்கறதுல பாதி பரிசோதனை ஏற்கனவே முடிஞ்சிருக்கு. ஜாக்கெட் ஹூக்கு, கொண்டை, தோசைக்கல்லு, இந்த மூணு வார்த்தை எம்ஆர்ஐ ரிப்போர்ட்ட விட எனக்கு ஜாஸ்தி சொல்லுது.

தோளும் முழங்கையும் ஒரே வியாதி இல்ல. இதை முதல்ல மனசுல போட்டுக்கங்க, ஏன்னா ரெண்டுக்கும் சேத்து ஒரே மருந்துன்னு யாரு சொன்னாலும் அங்கதான் தப்பு ஆரம்பிக்குது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற ஒரே சம்பந்தம், இடது கை படுத்துக்கிட்டதால அதோட வேலையையும் சேத்து வலது கை மூணு மாசம் பாத்திருக்கு, அது தாங்காம முழங்கைல காட்டுது. அவ்வளவுதான். வலி நடந்து போயி அடுத்த கையில உக்காரல.

தோளுக்கு வருவோம். இடுப்பு மூட்டு ஆட்டுக்கல்லுல குழவி உக்காந்த மாதிரி ஆழமா உக்காந்திருக்கும். தோள் மூட்டு அப்படி இல்ல, ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேல கரண்டியில எலுமிச்சம்பழம் வச்சு ஓடுவோமே, அந்த மாதிரி சின்னக் கரண்டியில பெரிய பழம். அதனாலதான் கை எல்லாப் பக்கமும் சுத்துது. பழம் உருளாமப் பிடிச்சுக்கறதுக்கு நாலு தசை சுத்தி இருக்கு, ரொட்டேட்டர் கஃப்னு பேரு, அதுக்கும் உள்ள மூட்டச் சுத்தி ஒரு மெல்லிசு உறை, கேப்ஸ்யூல்னு சொல்லுவோம். அக்குள் பக்கம் அந்த உறை கொஞ்சம் தொளதொளன்னு மடிஞ்சிருக்கும், கை தூக்கும்போது அந்த மடிப்பு விரியணும். ஜாக்கெட் தைக்கறப்ப கைக்குழிய டைட்டா வச்சுட்டா என்ன ஆகும், கைய ஒரு அளவுக்கு மேல தூக்க முடியாதுல்ல, துணி பிடிச்சு இழுக்கும். உங்க தோளுக்குள்ள நடக்கறது அதேதான். அந்த உறை முதல்ல வீங்கி, அப்புறம் தடிச்சு, சுருங்கி, மூட்டோட கைக்குழி டைட் ஆயிடுச்சு. நல்ல தோளுக்குள்ள 20 மில்லி கிட்ட தண்ணி ஏத்தலாம்னா இந்த மாதிரி இறுகுன தோள்ல 10 மில்லி கூடப் போகாது.

இதுக்குப் பேருதான் ஃப்ரோசன் ஷோல்டர், தோள் இறுக்கம். 1934ல காட்மன்னு ஒரு அமெரிக்க சர்ஜன் வச்ச பேரு. 40லேருந்து 60 வயசுக்குள்ள வரும், பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி, தைராய்டு பிரச்சனை இருந்தாலும் வரும், சுகர் இருந்தா ரொம்பவே ஜாஸ்தி. சாதாரணமா நூத்துல 2லேருந்து 5 பேருக்கு வர்றது சுகர் இருக்கறவங்கள்ல 10லேருந்து 20 பேருக்கு வருது. ரத்தத்துல சர்க்கரை ரொம்ப நாள் ஜாஸ்தியா இருந்தா அது உடம்புல இருக்கற கொலாஜன் நார்கள்ல ஒட்டிக்கிட்டு நாரோட நாரப் பிணைச்சுடுது, நாரு வெறைச்சுப் போகுது. என்கிட்ட தோள் வலின்னு வர்றவங்களுக்கு சுகர் டெஸ்ட் எழுதிக் குடுக்கச் சொல்லி டாக்டர்கிட்ட திருப்பி அனுப்பறது அதனாலதான், சில பேருக்கு தோள் சொல்லித்தான் சுகர் இருக்கறதே தெரிஞ்சிருக்கு.

சரி, தசை கிழிசல் இல்ல, உறை இறுக்கம்தான்னு எப்படிச் சொல்றேன்? வீட்டுலயே பாக்கலாம். கண்ணாடி முன்னாடி நில்லுங்க, ரெண்டு முழங்கையையும் விலாவோட ஒட்டி வச்சுக்கங்க, கைய தொண்ணூறு டிகிரி மடக்கி கட்டைவிரல் மேல பாக்குற மாதிரி முன்னாடி நீட்டுங்க. இப்ப முழங்கை விலாவ விட்டு நகராம ரெண்டு முன்கையையும் வெளிப்பக்கமா விரிங்க, ரெட்டைக் கதவு திறக்கற மாதிரி. வலது கதவு நல்லாத் திறக்கும், இடது கதவு கொஞ்சம் திறந்து டக்குனு நின்னுடும். அங்க நிறுத்திட்டு மகளக் கூப்பிட்டு, அந்தக் கைய மெதுவா இன்னும் கொஞ்சம் வெளிய தள்ளச் சொல்லுங்க. நீங்க கையத் தளர்வா விட்டுக்கூட அதே எடத்துல மாட்டுச்சுன்னா அது உறை. நீங்களா செய்யறப்பதான் முடியல, அடுத்தவங்க தூக்கி விட்டா கை தாராளமாப் போகுதுன்னா அது தசை. இந்த ஒரு வித்தியாசத்த பாக்கறதுக்கு ரெண்டு நிமிஷம் போதும், அதுக்கு மெஷின் வேண்டாம், ஆனா நாலு எடத்துக்குப் போயிட்டு வந்தவங்களக் கேட்டா அதுல மூணு எடத்துல தோளத் தொட்டே பாக்கலைங்கறாங்க.

தசைநார்ப் பிரச்சனையா இருந்தா கதையே வேற மாதிரி இருக்கும். கைய பக்கவாட்டுல தூக்கறப்ப ஆரம்பத்துல வலிக்காது, 60 டிகிரிக்கிட்ட வலி ஆரம்பிச்சு 120 தாண்டுனா விட்டுடும், நடுவுல மட்டும் சுருக்குனு. பரண்ல இருந்து டப்பா எடுக்கறப்ப, பஸ்ல மேல கம்பியப் பிடிக்கறப்ப வலிக்கும், ஆனா ஹூக் போடறது வலிச்சாலும் கை போயிடும். இன்னொண்ணு கழுத்துல இருந்து வர்ற வலி, அதுவும் தோள்லதான் தெரியும், ஆனா தோள்ல நிக்காம முழங்கை தாண்டி விரல் வரைக்கும் எறங்கும், மதமதன்னு இருக்கும், கழுத்தத் திருப்புனா ஏறும், சில பேரு கையத் தூக்கி உச்சந்தலைமேல வச்சா நிம்மதியா இருக்குன்னு சொல்லுவாங்க. உங்களுக்கு இதெல்லாம் இல்ல. எக்ஸ்ரே மட்டும் ஒண்ணு எடுக்காம இருந்தா எடுத்துடுங்க, மூட்டுத் தேய்மானம் இல்லன்னு உறுதி பண்ண. இந்த வெளிய திறக்காத கதவு வேற ரெண்டு காரணத்தாலயும் வரும், தேய்மானம் ஒண்ணு, ஃபிட்ஸ் வந்தோ கரண்ட் ஷாக் அடிச்சோ மூட்டு பின்பக்கமா நழுவி யாரும் கவனிக்காம விட்டது ஒண்ணு. ரெண்டாவது அபூர்வம்தான், ஆனா தவற விட்டா பெரிய தப்பு.

அப்ப எம்ஆர்ஐல கிழிஞ்சிருக்குன்னு இருக்கே? இருக்கட்டும். தோள் வலியே இல்லாதவங்களப் பிடிச்சு எம்ஆர்ஐ எடுத்துப் பாத்து 1995ல ஒரு ஆய்வு வந்துச்சு, 96 பேரு, ஒருத்தருக்கும் வலி கிடையாது, மூணுல ஒருத்தருக்கு தசைநார்ல கிழிசல் இருந்துச்சு, 60 வயசு தாண்டுனவங்கள்ல பாதிக்கு மேல. தலை நரைக்கற மாதிரி அதுவும் ஒண்ணு. பழைய சீலைய வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா நாலு எடத்துல இழை விட்டிருக்கத்தான் செய்யும், அதுக்காக சீலை கிழிஞ்சிருச்சுன்னு சொல்லுவமா. இறுகிப் போன தோள்ல போயி அந்தப் பாதிக் கிழிசலத் தைக்கறேன்னு ஆபரேஷன் பண்ணி ஆறு வாரம் கையத் தொட்டில் கட்டி அசையாமத் தொங்கப் போட்டா இறுக்கம் இன்னும் கூடத்தான் வாய்ப்பு. அந்த டாக்டர்கிட்ட மறுபடி போயி, "எனக்கு அடுத்தவங்க தூக்குனாலும் கை போகலயே சார், அப்பவும் இது கிழிசல் வலியா?"ன்னு கேளுங்க. அவரு கைய அசைச்சுப் பாத்துட்டுப் பதில் சொன்னா நல்லது. கீழ விழுந்து, அன்னைக்கே கை தூக்க முடியாமப் போயி, அடுத்தவங்க தூக்கி விட்டா மட்டும் போகுதுன்னா அது தனி விஷயம், அங்க ஆபரேஷன தள்ளிப் போடக் கூடாது, வாரக்கணக்குல தள்ளுனா தசை சுருங்கிடும்.

இந்த இறுக்கம் மூணு கட்டமாப் போகும். முதல் கட்டம் வலி, ரெண்டு மாசத்துலேருந்து ஒம்பது மாசம் வரை, ராத்திரி தூக்கம் போற கட்டம். ரெண்டாவது இறுக்கம், வலி கொஞ்சம் அடங்கிடும், ஆனா கை கட்டிப் போட்ட மாதிரி, நாலு மாசம்லேருந்து ஒரு வருஷம். மூணாவது மெதுவா விடற கட்டம், அஞ்சு மாசம்லேருந்து ரெண்டு வருஷம் வரைக்கும் கூட. நீங்க இன்னும் முதல் கட்டத்துலதான் இருக்கீங்க, ராத்திரி வலிதான் சாட்சி. இதைச் சொல்றப்ப எனக்கு என் பழைய தப்பு ஒண்ணு ஞாபகம் வரும். வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு ரிடயர்டு வாத்தியாரம்மா வந்தாங்க, உங்கள மாதிரியே சுகரு, உங்கள மாதிரியே நாலஞ்சு மாச வலி. வலிச்சாத்தான்மா விடும்னு சொல்லி தினமும் அவங்க கையப் பிடிச்சு மேல தள்ளுனேன், அவங்க பல்லக் கடிச்சுக்கிட்டுக் கண்ணுல தண்ணியோட படுத்திருப்பாங்க, நானும் நல்லா உழைக்கறோம்னு நெனப்புல இருந்தேன். ரெண்டு வாரத்துல முதல்ல போன அளவுக்குக் கூட கை போகல, வலி ரெட்டிப்பாச்சு, வர்றதயே நிறுத்திட்டாங்க. நெதர்லாந்துல 77 பேர வச்சு ரெண்டு வருஷம் பாத்து 2004ல வந்த ஆய்வ அப்புறமாத்தான் படிச்சேன், வலிக்கற அளவுக்குத் தள்ளுனவங்கள விட வலி வராத அளவுக்குள்ளயே மெதுவா அசைச்சவங்கதான் நல்லா வந்தாங்க, கிட்டத்தட்ட பத்துல ஒம்பது பேரு, தள்ளுன கூட்டத்துல பத்துல ஆறு பேருக்குக் கொஞ்சம் மேல. வீக்கமா இருக்கற உறையப் பிடிச்சு இழுத்தா அது இன்னும் கோவப்படுது. அதனால யாராவது உங்க கையப் பிடிச்சு "கொஞ்சம் பொறுத்துக்கங்க"ன்னு மடார்னு தூக்குனா, எந்திரிச்சு வந்துடுங்க அக்கா.

இப்ப என்ன பண்ணணும்? வெந்நீர் ஒத்தடம் ஒரு பத்து நிமிஷம் குடுத்துட்டு, வலது கைய மேஜைல ஊனிக் குனிஞ்சு, இடது கையத் தொங்கவிட்டு கிணத்து வாளி ஆடற மாதிரி ஆட்டுங்க, முன்ன பின்ன, அப்புறம் சின்ன வட்டமா. ஆட்டறது தோள் இல்ல, உடம்ப லேசா அசைச்சா கை தானா ஆடணும், அதுதான் இதுல சூட்சுமம். அடுத்து மேஜைல ஒரு துண்டப் போட்டு அதுமேல கைய வச்சு, மேஜை துடைக்கற மாதிரி முன்னாடி தள்ளிக் குனிங்க. அப்புறம் மல்லாக்கப் படுத்து, மாப் கட்டைய ரெண்டு கையிலயும் பிடிச்சு, இடது முழங்கைய விலாவோட ஒட்டி வச்சுக்கிட்டு, வலது கையால கட்டையத் தள்ளி இடது கதவ வெளிய திறங்க. இந்தக் கதவுதான் முக்கியம், எல்லாரும் கைய மேல தூக்கற பயிற்சியவே பண்றாங்க, வெளிய திறக்காம கை முழுசா மேல போகாது. ஒரு தடவைக்கு அஞ்சு நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை, இட்லி வேகற நேரம்னு வச்சுக்கங்க. பயிற்சி முடிஞ்சு அரை மணி நேரத்துல வலி பழைய நிலைமைக்கு வந்துடணும், அன்னைக்கு ராத்திரி தூக்கம் கெடக் கூடாது. கெட்டா மறுநாள் பாதியாக் கொறைங்க. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை செவுத்தப் பாத்து நின்னு விரலால செவுத்துல மேல ஏறிப் போயி, எது வரைக்கும் போகுதோ அங்க பென்சில்ல ஒரு கோடு போட்டு தேதி எழுதுங்க. தினம் போடாதீங்க, தினம் பாத்தா மனசு விட்டுப் போகும்.

தூங்கறதுக்கு மல்லாக்கப் படுத்து இடது முழங்கைக்கும் மேல்கைக்கும் அடியில ஒரு தலகாணி, கை பின்னாடி சரியாம. இல்ல வலது பக்கமாப் படுத்து நெஞ்சோட ஒரு தலகாணியக் கட்டிக்கங்க. சட்டை, நைட்டி எதுவானாலும் போடறப்ப வலிக்கற கைய முதல்ல விடுங்க, கழட்டறப்ப அதைக் கடைசியா எடுங்க. ஜாக்கெட்ட முன்பக்க ஹூக்கா மாத்தித் தைச்சுக்கங்க, இதுல ஒரு வெட்கமும் இல்ல.

தோளுக்கு ஊசி போடலாமான்னா, உங்க கட்டத்துல போடலாம்னுதான் நானும் சொல்லுவேன். வீக்கம் இருக்கற நேரத்துல மூட்டுக்குள்ள போடற ஸ்டீராய்டு ஊசி, முதல் ரெண்டு மூணு மாசத்துக்கு வலிய நல்லாக் கொறைக்குது, தூக்கம் வருது, தூக்கம் வந்தா பயிற்சி ஓடுது. அது வியாதிய முழுசாத் தீக்காது, நமக்கு ஒரு நல்ல டைம் வாங்கிக் குடுக்கும். ஆனா ஊசி போட்டதுக்கப்புறம் ரெண்டு மூணு நாளைக்கு, சில சமயம் ஒரு வாரம் வரைக்கும் சுகர் எகிறும், உங்களுக்கு 8.9 வேற இருக்கு, அதனால சுகர் பாக்கற டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லி, முடிஞ்சா கொஞ்சம் எறக்கிட்டு, போட்ட வாரம் தினமும் குத்திப் பாத்துக்கங்க. தோளுக்குப் பயிற்சி மாதிரியே சுகர் மாத்திரையும் ஒரு வைத்தியம்தான். அப்படியும் ஆறு மாசம் கழிச்சு அசையவே இல்லன்னா ஸ்கேன் பாத்துக்கிட்டே உப்புத்தண்ணியும் மருந்தும் ஏத்தி உறைய விரிக்கறது, மயக்கம் குடுத்து கைய அசைச்சு விடறது, ஓட்டை போட்டு உறைய வெட்டி விடறதுன்னு வழி இருக்கு. பிரிட்டன்ல 503 பேர வச்சு மயக்கத்துல அசைக்கறது, வெட்டி விடறது, ஊசியோட சேந்த பிசியோ மூணையும் ஒப்பிட்டு 2020ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு, ஒரு வருஷத்துல மூணுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. அதனால அவசரப்பட்டு கத்திக்குப் போக வேண்டாம்.

இப்ப முழங்கை. இங்க அக்கா, நான் நேர் எதிரா சொல்லப் போறேன், கோவிச்சுக்காதீங்க.

முழங்கைக்கு வெளிப்பக்கம் ஒரு எலும்பு முட்டு துருத்திக்கிட்டு இருக்குல்ல, அதுக்கு ஒரு விரக்கடை கீழ, விரல் பக்கமா அமுக்கிப் பாருங்க. வலில உயிர் போச்சுன்னா அதுதான் எடம். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணி இருக்கற சொம்ப உள்ளங்கை கீழ பாக்குற மாதிரி மேலருந்து விளிம்பப் பிடிச்சுத் தூக்குங்க, வலிக்கும், நழுவும். அதே சொம்ப உள்ளங்கை மேல பாக்குற மாதிரி அடியில கை குடுத்துத் தூக்குங்க, ஒண்ணுமே இருக்காது. மணிக்கட்ட மேல தூக்கற தசைகள்ல பெரும்பாலானது அந்த ஒரு முட்டுல வந்துதான் கட்டியிருக்கு, துணி பிழியறது, மாவு வழிக்கறது, குண்டானக் காதைப் பிடிச்சுத் தூக்கறது, எல்லாத்துக்கும் அந்த முடிச்சுதான் இழுபடுது. இதுக்கு டென்னிஸ் எல்போன்னு பேரு, டென்னிஸ் மட்டையக் கண்ணால பாக்காதவங்களுக்குத்தான் ஜாஸ்தி வருது. சச்சினுக்கு 2004ல வந்து 2005ல லண்டன்ல ஆபரேஷன் பண்ணப்பதான் நம்ம ஊர்ல இந்தப் பேரே பரவுச்சு, இன்னும் எங்க கிளினிக்ல ஒரு பெரியவரு "டெண்டுல்கர் வலி"ன்னுதான் சொல்லுவாரு. என்கிட்ட வர்றது புரோட்டா மாஸ்டர், கொத்தனார், டைலர், பாத்திரம் தேய்க்கற அக்காமார்தான். வலி உள்பக்க முட்டுல இருந்து, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போனா அது வேற, அங்க ஒரு நரம்பு போகுது, அது இந்தக் கணக்குல வராது.

இங்க இருக்கறது பெரும்பாலும் வீக்கம் இல்ல, நாரு நைஞ்சு போனது. தாம்புக்கயிறு ராட்டினத்துல உரசி உரசி நூல் நூலா விடுமே அப்படி. வீக்கமே பெருசா இல்லாத எடத்துல வீக்கத்துக்கு மருந்து போட்டா என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவுல 165 பேர வச்சு இதப் பாத்திருக்காங்க, 2013ல ஜாமா பத்திரிகைல வந்துச்சு. ஸ்டீராய்டு ஊசி போட்டவங்களுக்கு முதல் நாலு வாரத்துல வலி நல்லா விட்டுச்சு, ஆனா ஒரு வருஷத்துக்குள்ள நூத்துல 54 பேருக்குத் திரும்பி வந்துச்சு. சும்மா உப்புத்தண்ணி ஊசி போட்டவங்கள்ல திரும்பி வந்தது 12 பேருக்கு. ஊசி போட்டா வலி போயிடுதா, சரியாயிடுச்சுன்னு மறுநாளே 20 கிலோ மாவத் தூக்குவீங்க, நைஞ்ச கயிறு மேல அப்படியே பாரம். அதே மருந்து, அதே ஊசி, இடது தோளுக்கு உதவி, வலது முழங்கைக்குக் கந்துவட்டி. ரெண்டு எடத்துலயும் சேத்துப் போட்டுடலாம்னு சொன்னாருல்ல, அங்கதான் நான் தடுக்கறேன். நம்ம ரத்தத்தயே எடுத்து மெஷின்ல சுழட்டிப் போடற பிஆர்பி ஊசின்னு ஆயிரக்கணக்குல செலவு சொல்லுவாங்க, எல்லா ஆய்வையும் சேத்துப் பாத்து காக்ரேன் குழு 2021ல எழுதுனதுல அதுல பெருசா பிரயோஜனம் தெரியலன்னுதான் இருக்கு, அந்தக் காச கல்யாணச் செலவுக்கு வைங்க.

முழங்கைக்கு ஓய்வு குடுங்கன்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க, கடை யாரு பாக்கறது. முழு ஓய்வும் தேவையில்ல, நாரு வேலை வாங்கித்தான் தேறும், அளவாத்தான் வாங்கணும். தூக்கற எதையும் உள்ளங்கை மேல பாக்கத் தூக்குங்க, முழங்கைய மடக்கி உடம்போட ஒட்டி. பெரிய குண்டானுக்குப் பதிலா சின்ன டப்பா நாலு. மாவு அள்ளற கரண்டிக் காம்புல பழைய துணியச் சுத்தி தடிமனாக்குங்க, காம்பு ஒல்லியா இருந்தாத்தான் இறுக்கிப் பிடிப்பீங்க. துணிய முறுக்காதீங்க, குழாய்ல சுத்தி இழுத்துப் பிழிங்க, இல்ல மக பிழியட்டும். கல்லத் தூக்கி மாவு வழிக்கற கிரைண்டர்னா, சாய்ச்சு ஊத்தற டில்டிங் கிரைண்டருக்கு மாற முடியுமான்னு பாருங்க, உங்க தொழிலுக்கு அது செலவு இல்ல, முதலீடு.

பயிற்சி முதல்ல அசையாம: முன்கைய மேஜைல வச்சு, உள்ளங்கை கீழ பாக்க, கை மேஜை விளிம்புக்கு வெளிய. வலது மணிக்கட்ட மேல தூக்கப் பாருங்க, இடது முன்கைய மேஜைல வச்சபடியே இடது உள்ளங்கைய அதுமேல போட்டு தூக்க விடாம அமுக்குங்க, 30லேருந்து 45 செகண்ட், நாலு தடவை. இடது தோள் அதுக்கும் ஒத்துக்கலன்னா மேஜைக்கு அடியில புறங்கைய முட்டுக் குடுத்துத் தள்ளுங்க. ரெண்டு வாரம் கழிச்சு அரை லிட்டர் தண்ணி பாட்டில், மேல தூக்கறதுக்கு இடது கை ஒத்தாசை, எறக்கறது மட்டும் வலது கை தனியா, ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணி மெதுவா. பதினஞ்சு தடவை, மூணு சுத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள். லேசா வலிச்சாப் பரவால்ல, பத்துக்கு மூணு நாலு மார்க் வலி வரை ஓகே. மூணு மாசம் விடாமப் பண்ணணும். மெடிக்கல்ல டென்னிஸ் எல்போ பெல்ட்டு கிடைக்கும், அத வலிக்கற முட்டு மேலயே கட்டிக்கிட்டுப் பாதிப் பேரு வர்றாங்க, ரெண்டு விரக்கடை கீழ, சதை மேல கட்டணும், வேலை செய்யறப்ப மட்டும். பத்துல எட்டு ஒம்பது பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள ஆபரேஷன் இல்லாமயே சரியாகிடும்.

மத்ததெல்லாம் சுருக்கமா. பூண்டு சாப்பிடுங்க, தப்பில்ல, வாயுவுக்கும் தோளுக்கும் சம்பந்தமில்ல. நாட்டுக்கட்டு வேண்டாம், இறுகற தோள மூணு வாரம் அசையாமக் கட்டுனா இறுக்கத்துக்கு நாமளே வழி விட்ட மாதிரி, உருவி விடறதும் அப்படித்தான். வலி மாத்திரைய மெடிக்கல்ல நீங்களா வாங்கித் தினமும் போடாதீங்க, சுகர் இருக்கற கிட்னிக்கு அது ஆகாது, பிபி மாத்திரையும் சேந்து போட்டா இன்னும் மோசம், தேய்க்கற ஜெல் முழங்கைக்குப் போதும். பேரு போடாத பொட்டலத்துல மாத்திரையோ பொடியோ யாராவது குடுத்து "ஒரே நாள்ல வலி போயிடுச்சு"ன்னா அதுல ஸ்டீராய்டு இருக்கலாம்னு சந்தேகப்படுங்க.

ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்றேன். இடது தோள் வலின்னு பழகிப் போயி ஒரு நாள் வேற வலியவும் இதுதான்னு நெனச்சுடக் கூடாது. மாடிப்படி ஏறறப்பவோ நடக்கறப்பவோ தோள், கை, தாடைன்னு வலி வந்து, நடைய நிறுத்துனா விடுதுன்னா, இல்ல வேர்த்து மூச்சு முட்டுதுன்னா, கைய அசைச்சாலும் அசைக்காட்டியும் அந்த வலி ஒரே மாதிரி இருக்குன்னா, பயிற்சி ஒத்தடம்னு உக்காராம நேரா ஈசிஜி எடுக்கப் போங்க, 108க்குப் போன் பண்ணுங்க. சுகர்க்காரங்களுக்கு நெஞ்சு வலி நெஞ்சுல வராமலே போகலாம். மூட்டு செவந்து சூடாகி காய்ச்சல் வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி.

கல்யாணத்துக்கு வருவோம். தை மாசத்துக்குள்ள கை முழுசா மேல போயிடும்னு நான் சொன்னா அது பொய். சுகர் இருந்தா இன்னும் மெதுவாத்தான் விடும். ஆனா ஊசியும் பயிற்சியும் சுகரும் சரியாப் போனா ராத்திரி வலி பெரும்பாலும் அடங்கியிருக்கும், கை தோள் உசரம் வரைக்கும் வர வாய்ப்பு இருக்கு, முழங்கை அதுக்குள்ள நல்லாவே தேறியிருக்கலாம். பட்டு ஜாக்கெட்ட முன்ஹூக்கு வச்சு, கைக்குழி அரை இஞ்ச் லூசா தைக்கக் குடுங்க, இப்பவே டைலர்கிட்ட சொல்லிடுங்க, சீசன்ல மாத்தித் தர மாட்டாங்க. கொண்டையும் பூவும் மக வைக்க முடியாது அன்னைக்கு, அவ மணவறைல இருப்பா, ஒரு கொழுந்தியாள இப்பவே பேசி வைங்க. ஆரத்தித் தட்ட நீங்க சுத்தணும்னு ஆசை இருக்கும், சின்னத் தட்டா எடுங்க, அடியில உள்ளங்கை குடுத்து ரெண்டு கையாலயும் பிடிச்சு இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவுல சின்ன வட்டமா சுத்துங்க, அது முடியும். பெரிய பித்தளைத் தட்ட அத்தைக்காரி சுத்தட்டும்.